எரியாத பஞ்சு

பாலிஷ்காரர் எந்தக் கல்லைப் பார்த்தாலும் சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து அதன்மேல் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். கோடு விழுந்தால் நல்ல கல். விழாவிட்டால், அது எத்தனை பளபளப்பாக இருந்தாலும் சரி, ஆகாத கல். ஒருமுறை பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது கை சும்மா இல்லாமல் மேஜைக்கல்லில் கோடு போட்டு, நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "இவருக்குப் பல்லு வலியே இல்ல, கல்லு பார்க்க வந்திருக்காரு" என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இந்தக் கிறுக்கு அவருக்குச் சும்மா பிடிக்கவில்லை. அவருடைய அப்பா கருங்கல் உடைத்தவர். அந்தக் கல்லில் கத்தி பட்டால் கத்திதான் மழுங்கும், உளி பட்டால் பொறி பறக்கும். அதன் தூசி அப்பாவின் நெஞ்சுக்குள் இறங்கி இறுகிப்போய், தலை நரைப்பதற்குள் ஆளைக் கொண்டுபோய்விட்டது. படுத்தால் மூச்சு வராது என்று கடைசி மாதங்களில் மனிதர் நாற்காலியிலேயே தூங்கினார். அந்த நாற்காலியின் பக்கத்தில் தரையில் படுத்துத் தூங்கிய மகன், இரவெல்லாம் அந்த இழுப்பைக் கேட்டுக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தான். தெரிந்தது கல் வேலை, செய்யப்போவதும் கல் வேலை. ஆனால் அப்பாவைக் கொன்ற மாதிரி கெட்டிக் கல்லில் கை வைப்பதில்லை. மெத்துக்கல்லில் மட்டும்தான்.

அப்படித்தான் அவர் பச்சைக்கல் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். கரும்பச்சையும் இளம்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடக்கும் கல் அது. பட்டறையில் அதற்குப் 'பாம்புத்தோல்' என்று பெயர். தடவினால் நனைந்த சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். கத்தி வைத்தால் அழகாகக் கோடு விழும். ரம்பம் அலறாமல் உள்ளே இறங்கும். முதல் நாள் வீட்டுக்கு வந்து, "இது நம்ம அப்பா கல்லு இல்ல. இதோட தூசி ஒண்ணும் பண்ணாது, பவுடர் மாதிரி" என்று மனைவியிடம் சொன்னார். அவள் நம்பினாள். அவர் எது சொன்னாலும் அவள் நம்பிவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அது ஒரு பழக்கம்.

அந்தக் கல்லில் ஒரே ஒரு குறை உண்டு. பாளமாக அறுக்கும்போது நடுவில் விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு நரம்பு ஓடும். நகத்தால் கிள்ளினால் நார்நாராகப் பிரிந்து வரும், மினுமினுவென்று. நரம்பு ஓடிய இடத்தில் பாளம் தட்டென்று உடைந்துவிடும் என்பதால் முதலாளிக்கு அதைக் கண்டாலே ஆகாது. வேலைக்காரர்கள் அதைப் 'பட்டு' என்பார்கள், நெம்பியெடுத்துக் குப்பையில் போடுவார்கள். ஒருநாள் யாரோ சிகரெட் பற்றவைக்கும்போது விளையாட்டாக அந்தப் பட்டின்மேல் நெருப்பைக் காட்டினார்கள். கரி பிடித்தது. துடைத்தால் பழையபடி வெள்ளை. எவ்வளவு நேரம் காட்டினாலும் எரியவில்லை. பாலிஷ்காரர் அன்றைக்கு ஒரு பை நிறைய அந்தப் பட்டு நாரை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

காரணம் இருந்தது. அவர் மனைவிக்கு நெருப்பென்றால் உயிர் போய்விடும். சின்ன வயதில் அவள் கண்ணெதிரில் அவளுடைய அக்கா ஸ்டவ் வெடித்து எரிந்தாள். அந்தக் காலத்து நைலான் சட்டை, உடம்போடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு இவள் அடுப்பு மூட்டுவதென்றால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தாக வேண்டும். பெண் பிறந்த பிறகு பயம் இன்னும் முற்றிப்போய், தொட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் தானே காவல் நின்றாள். மற்ற ஆண்பிள்ளைகள் பெண்டாட்டிக்கு வளையல் வாங்கி வருவார்கள். இவர் கல்லிலிருந்து உரித்த பஞ்சைக் கொண்டுவந்து கொடுத்து, தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

அதன் பிறகு பட்டு வருவதும் அவள் அதைச் சீவுவதும் வீட்டு வழக்கமாகிப்போனது. வெயில் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பேன் சீப்பால் அதைச் சீவிச் சீவி, தலைமுடி மாதிரி மெல்லிசாக்கி, மடியில் குவிப்பாள். மூக்கில் வந்து ஒட்டுவதை ஊதி விடுவாள். பருத்திப் பஞ்சு கொஞ்சம் கலந்து முறுக்கினால் நூலாகிவிடும். அதில் சட்டி பிடிக்கும் துணி பின்னினாள், அடுப்புக்குப் பின்னால் தொங்க ஒரு திரை செய்தாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் எடுத்து நெருப்பில் போடுவாள், அழுக்கும் கலந்திருந்த பருத்தியும் மட்டும் எரிந்து துணி வெளுப்பாக வெளியே வரும். "எங்க வீட்ல துணிய நெருப்புலதான் துவைப்போம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் மேலாக, மகளுக்கு அதைத் திணித்து ஒரு போர்வை தைத்தாள். வீடே தீப்பிடித்தாலும் பிள்ளை மேல் பொறி படாது என்று ஒவ்வொரு தையலிலும் நினைத்துக்கொண்டு தைத்தாள்.

மகள் அந்தப் போர்வைக்குள்ளேயே வளர்ந்தாள், கல்யாணமாகிப் போகும்போது அதையும் கொண்டுபோனாள். இப்போது மகளின் பெண்குழந்தை, குட்டி, அதைப் போர்த்திக்கொள்கிறது.

பாலிஷ்காரரின் மனைவிக்கு வலது விலாவில் வலி வந்து, பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்து, பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சிலிருந்து குடம் குடமாக நீர் எடுத்தார்கள். எடுக்க எடுக்கச் சேர்ந்தது. சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு டாக்டர் ஒருநாள் அவளைக் கேட்டார்.

"நீங்க ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி எதுலயாவது வேலை பார்த்தீங்களாம்மா?"

"நான் வேலைக்கே போனதில்ல டாக்டர்."

"வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா?"

"கான்கிரீட்டு. ஒழுகும், ஆனா கான்கிரீட்டு" என்று அவள் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து பேச்சு நின்றது.

டாக்டர் பாலிஷ்காரரை வெளியே அழைத்து, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் புற்று என்றார். வெட்டியெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது, இந்த வருஷம் முடிவதற்குள் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு இவருடைய வேலையைக் கேட்டார். இவர் அவசர அவசரமாகச் சொன்னார், தன்னுடையது மெத்துக்கல், கத்தி வைத்தால் கோடு விழும், அப்பாவின் கல் வேறு என்று. டாக்டர், அந்தக் கல்லில் நார் மாதிரி ஏதாவது வருமா என்று கேட்டார். பாலிஷ்காரர் வீட்டிலிருந்த துணியைப் பற்றிச் சொன்னார்.

டாக்டர் அனுப்பிய பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள், மகள் வயதுதான் இருக்கும். அவர் கொண்டுபோன சட்டி பிடிக்கும் துணியை அவள் ஈரத்தாளில் வைத்து வாங்கிக்கொண்டு, ஒரு நூலை மட்டும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு நூலை அமிலத்தில் போட்டு வைத்தாள். அவரையும் பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்தபோது, சீவிய தலைமுடிக் கற்றை ஒன்று முனைக்கு முனை பிரிந்து, பிரிந்ததும் மறுபடி பிரிந்து, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"இது ஆஸ்பெஸ்டாஸ்தாங்க. உங்க கல்லும் இந்த நாரும் சரக்கு ஒண்ணுதான்" என்றாள் அவள். "மக்னீசியம், சிலிக்கா, கூடவே தண்ணி. தண்ணின்னா ஈரம் இல்ல, கல்லுக்குள்ளயே கட்டுண்டு கிடக்கிற தண்ணி. அடுக்கு அடுக்கா இருக்கும். ஒரு அடுக்கு பெருசு, அதோட ஒட்டியிருக்கிற அடுக்கு கொஞ்சம் சின்னது. ரெண்டும் சமாளிச்சுப் படிஞ்சுக்கிட்டா உங்க பச்சைக்கல்லு. சமாளிக்க முடியாம சுருண்டுகிச்சுன்னா நாரு. ஒரு பக்கம் மட்டும் நனைஞ்ச காகிதம் சுருளும் பாருங்க, அதே கதைதான். நீங்க பார்த்த ஒவ்வொரு நாரும் சுருட்டி வச்ச ஒரு குழாய். அடுப்பு நெருப்புல ஒண்ணும் ஆகாது. அமிலத்துல வச்சா மக்னீசியம் கரைஞ்சு நொறுங்கிப்போகும்."

"அப்ப உடம்புலயும் கரைஞ்சிடும்ல?" என்று அவர் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் கரையும். எல்லாம் கரைஞ்சா நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க."

"ஆனா கத்தியில கோடு விழுதேம்மா. ரொம்ப மெத்துன்னு இருக்கிற கல்லும்மா அது."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அவருடைய முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

"மெத்துன்னுதான் இருக்கும். அதனாலதானே அய்யா சீப்பால சீவ முடிஞ்சிருக்கு."

பிறகு, வீட்டில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தால் உதறக் கூடாது, தட்டக் கூடாது, பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவைத்து, பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுக் கட்டி, நகராட்சியில் அதற்கென்று இருப்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். போர்த்திக்கொண்டு தூங்கியவர்களுக்கும் இது வருமா என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. இருபது வருஷம், முப்பது வருஷம் கழிச்சுத்தான் தெரியும்" என்றாள்.

வீட்டிலிருந்த திரையையும் துணிகளையும் அவர் அன்றே மனைவிக்குத் தெரியாமல் நனைத்துக் கட்டிவிட்டார். போர்வைதான் மகள் வீட்டில் இருந்தது. அதை எடுத்துவர வேண்டும், அதுவும் மனைவியின் காதுக்கு விஷயம் போகாமல் எடுத்துவர வேண்டும். ஏனென்றால் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதல் அதுதான். ஊசி போடும் நர்ஸிடமெல்லாம் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் பேத்தி நான் தச்ச போர்வை இல்லாம தூங்காது தெரியுமா? நான் போனப்புறமும் அது இருக்கும். அது நெருப்புல போட்டாலும் போகாது."

மகள் வீட்டுக்கு அவர் போனது மத்தியான நேரம். குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. மூக்குவரை போர்வை, ஒரு மூலை வாய்க்குள். துணி நைந்து தையல் விட்ட இடத்தில் வெள்ளையாக நார் எட்டிப் பார்த்தது. அவர் அந்த மூலையை மெதுவாக வாயிலிருந்து இழுத்தார். குட்டி விழித்து, தாத்தா என்றும் பாராமல் வீடு இடிகிற மாதிரி கத்தியது.

"என்னப்பா பண்றீங்க?" என்று மகள் ஓடிவந்தாள்.

அந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மகளின் வாய் ஓட்டை வாய், சாயங்காலத்துக்குள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் மனிதர் கோழைத்தனமாக ஒரு பொய்யைத் தேடி எடுத்தார்.

"அம்மா கேட்டா. கொஞ்ச நாள் பக்கத்துல வச்சுக்கணுமாம்."

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அம்மா கேட்டாளா? அப்ப நீங்க ஏன்பா தூக்கிட்டுப் போறீங்க, நாளைக்கு நானே கொண்டு வரேன். குட்டியையும் கூட்டிட்டு வரேன், அம்மா பார்த்து எவ்வளவு நாளாச்சு."

"இல்ல, இப்பவே..."

"இப்பக் குடுத்தா இவ தூங்க மாட்டாப்பா. ஒரு ராத்திரிதானே."

"சரி, அவளுக்குப் போர்த்தாத. அழுக்கா இருக்கு" என்றார். படியிறங்கும்போது குட்டியின் அழுகை நின்றது கேட்டது. எதைக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பஸ் ஏறினார்.

மறுநாள் காலை, வீட்டில் மனைவி படுத்திருந்த அறைக்குள் பத்து மணி வெயில் விழுந்துகொண்டிருந்தபோது மகள் வந்தாள். ஒரு கையில் குட்டி, ஒரு கையில் போர்வை. பாலிஷ்காரர் அடுக்களையில் மனைவிக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். மகளின் குரல்தான் முதலில் கேட்டது.

"அம்மா, நீ கேட்டியாமே, இந்தா. அழுக்கா இருக்குன்னு அப்பா சொன்னாரு. துவைச்சா காயாதுன்னு, கொடியில போட்டுக் குச்சியால அடி அடின்னு அடிச்சேன். எவ்வளவு தூசி தெரியுமா! ஒரே புகையா கிளம்புச்சு. குட்டியும் ஒரு குச்சி எடுத்துக்கிட்டு வந்து என்கூடச் சேர்ந்து அடிச்சா, முகமெல்லாம் வெள்ளை, சின்னக் கிழவி மாதிரி!"

பால் டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. அவர் அறைக்குள் வந்தபோது மகள் போர்வையை இரண்டு கையாலும் விரித்து ஒரு உதறு உதறி அம்மாமேல் போர்த்திக்கொண்டிருந்தாள். குட்டி கட்டிலில் ஏறி அதன்மேல் குதித்தது. வெயில் பட்டையில் ஆயிரம் துகள் மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"அதைத் தொடாத! குழந்தைய எடு! எடுடி குழந்தைய!"

பெண் பிறந்ததிலிருந்து அவர் அப்படிக் கத்தியதில்லை. மகள் பயந்துபோய்க் குட்டியை வாரிக்கொண்டாள். மனைவி தலையணையிலிருந்து அவரையே பார்த்தாள்.

"நான் போர்வை கேக்கலியே" என்றாள். "எதுக்குங்க கேட்டதா சொன்னீங்க?"

இனி ஒளிக்க இடமில்லை. அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கேட்டது, கண்ணாடிக்காரப் பெண் காட்டியது, சுருண்ட குழாய், பிரிந்துகொண்டே போகும் நார். "என் அப்பாவைக் கொன்ன கல்லுக்குப் பயந்து இதைத் தேடிப் போனேன். போய், உன் மடியில கொண்டுவந்து கொட்டினேன்" என்று சொல்லும்போது அழுதுவிட்டார். அழட்டும். அழாமல் இருந்தால்தான் தப்பு.

மகள்தான் முதலில் வெடித்தாள். "எரிச்சுடுங்கப்பா! இப்பவே கொண்டுபோய் எரிச்சுடுங்க!"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் மனைவி சிரித்தாள். சிரித்தபடி இருமினாள், இருமியபடி கையை ஆட்டினாள்.

"அது எரியாதுடி" என்றாள், மூச்சு கிடைத்ததும். "எரியாதுன்னுதானே உனக்குச் செஞ்சேன்."

பிறகு அவளே எல்லாருக்கும் வேலை சொன்னாள். முன்பெல்லாம் அடுப்பு மூட்டும்போது ஆளுக்கொரு வேலை சொல்வாளே, அதே அதிகாரம். மகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்ட வேண்டும், தலையில் நன்றாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவர் வாளியில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். போர்வையைத் தூக்காமல், அவள்மேல் இருந்தபடியே நனைக்க வேண்டும். "என்னை நனைச்சா பரவால்ல, உதறாம எடுங்க. நெருப்புக்குத் தண்ணி வச்சுப் பழகின கைதான் எனக்கு" என்றாள். அவர் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, சொம்பு சொம்பாகப் போர்வைமேல் ஊற்றினார். அது தண்ணீரைக் குடித்துக் கனத்தது. அவளுடைய சட்டையும் மெத்தையும் நனைந்தன. குளிரில் அவளுக்கு உதடு நடுங்கியது, இருந்தும் சீக்கிரம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நனைந்த போர்வையைச் சுருட்டும்போது, தையல் பிரிந்த ஒரு மூலையை அவள் விரல் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டது. பிறகு விட்டது.

இரண்டு பிளாஸ்டிக் பையில் அதைக் கட்டி வெளியே வைத்துவிட்டு, தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அவளுக்கு உலர்ந்த துணி மாற்றினார். மாற்றும்போது விலா எலும்புகள் கையில் தட்டுப்பட்டன. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்கு வந்தது வந்துட்டுப் போகுது. குட்டிக்கு ஒண்ணும் வராதுல்ல?"

வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது.

"வராது" என்றார் பாலிஷ்காரர். முன்பு 'இதோட தூசி ஒண்ணும் பண்ணாது' என்று சொன்னாரே, அதே குரலில் சொன்னார். அவருக்கே அது காதில் விழுந்தது. அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள், பழக்கப்படி நம்பினாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மாவின் மூச்சு தூக்கத்துக்கு இறங்கும்வரை மகள் வாசலில் நின்றாள். இடுப்பில் குட்டி, துண்டு சுற்றிய தலையோடு. அதன் காது மடலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் வெள்ளை இருந்தது.

"அப்பா" என்றாள் மெதுவாக. "அதுல நான்தானே ரொம்ப வருஷம் தூங்கினேன்."

அவர் வாயைத் திறந்தார். 'வராது' என்ற சொல் இன்னும் நாக்கில்தான் இருந்தது. மனைவியிடம் சுலபமாக வந்த அது மகளிடம் வரவில்லை. கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்ப் பேனாக்கத்தியைத் தொட்டது. மெத்தா கெட்டியா என்பதைத் தவிர அதற்கு வேறெதுவும் சொல்லத் தெரியாது.

"குட்டியை இன்னொரு தடவை குளிப்பாட்டும்மா" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "நீயும் குளி" என்றார்.